கானா நாட்டுக்காரருக்கு 28 வயதில் ஸ்கேன், சென்னைக்காரருக்கு ஏன் இல்லை?

தம்பி, இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். பெரம்பூரிலிருந்து மெல்போர்ன் வந்து நாலு மாதம், வயது 37. இங்கே ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். வேர்ஹவுஸில் உங்களோடு வேலை பார்க்கிற இரண்டு பேருக்கும் அதே வைரஸ். கானாக்காரருக்கு 28 வயது, வியட்நாம்காரருக்கு 44. இருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் எடுக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் "இப்போதைக்கு ரத்தப் பரிசோதனை போதும்" என்கிறார்கள். பெரியப்பா கல்லீரல் புற்றில் போனவர் என்பதால் தூக்கம் வரவில்லை. அம்மா கீழாநெல்லிப் பொடி அனுப்பட்டுமா என்கிறார். மனைவி, ஊரில் அப்பா, வேலை, விசா எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

ஜிபி உங்களை அலட்சியம் செய்யவில்லை. அவர் பார்ப்பது ஒரு வயதுக் கணக்கு. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குக் கல்லீரல் சுருக்கம், அதாவது சிர்ரோசிஸ், இல்லாவிட்டாலும் ஸ்கேன் தொடங்க வேண்டிய வயது என்று பல வழிகாட்டு நெறிகள் சொல்வது இது: ஆசிய ஆணுக்கு 40, ஆசியப் பெண்ணுக்கு 50, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாட்டவருக்கு 20. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை இவர்களில் யாருக்காவது கல்லீரல் புற்று இருந்தால் இன்னும் சீக்கிரம். சிர்ரோசிஸ் வந்துவிட்டால் வயது, நாடு என்ற பேச்சே கிடையாது, உடனே தொடங்க வேண்டும். இந்தக் கணக்கில் உங்கள் நண்பர்கள் இருவரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள், உங்களுக்கு மூன்று வருஷம் பாக்கி.

ஆனால் அந்த வயதுகளை அப்படியே நம்பி மூன்று வருஷம் சும்மா இருக்கச் சொல்ல மாட்டேன். காரணம் இருக்கிறது. அந்த "ஆசிய" வரிசைக்கு அடிப்படையான ஆய்வுகளில் பெரும்பகுதி தைவான், சீனா, கொரியா, ஜப்பான் மக்களிடம் நடந்தவை. பெரம்பூர் ஆள் அதில் சேர்த்துவிடப்பட்டவர், அளந்து பார்க்கப்பட்டவர் இல்லை. அதனால் உங்கள் ஆபத்து எவ்வளவு என்பதை நாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் சொந்த எண்களை வைத்துப் பார்க்க வேண்டும். எந்த எண்கள் என்று சொல்வதற்கு முன்னால், ஒரே வைரஸ் ஊருக்கு ஊர் ஏன் இப்படி வேறு வேறாக நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே பாதி புரிந்துவிடும்.

தைவானிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நமக்குத் தெரிந்ததில் பாதி அங்கிருந்து வந்தது. பீஸ்லி என்ற மருத்துவரின் குழு 1970களில் 22,707 அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது, எல்லாரும் ஆண்கள். 1981ல் வெளியான முடிவு உலகத்தைத் திடுக்கிட வைத்தது. வைரஸ் உள்ளவருக்கு, இல்லாதவரைவிட, கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு 223 மடங்கு. அதன்பின் 2006ல் வந்த இன்னொரு தைவான் ஆய்வு 3,653 பேரின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தது. ஒரு மில்லி ரத்தத்தில் 300 காப்பிக்கு, அதாவது 300 வைரஸ் பிரதிக்கு, கீழே இருந்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்குத்தான் பிற்காலத்தில் புற்று வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் இருந்தவர்களில் 14.9 சதவீதம். வைரஸ் எண்ணிக்கை ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறியது. மாத்திரை கொடுத்து வைரஸை அடக்குவதன் நியாயம் இந்த எண்களில் இருக்கிறது.

கிழக்காசியாவில் வைரஸ் ஏன் இவ்வளவு காலம் இவ்வளவு அதிகமாக இருக்கிறது? அங்கே பரவலாக இருப்பது 'சி' ஜீனோடைப், கூடவே 'பி'. ஹெபடைட்டிஸ் பி வைரஸில் 'ஏ' தொடங்கிப் பல உட்குலங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் ஜீனோடைப் என்கிறார்கள். 'சி' உள்ளவர்களுக்கு இ-ஆன்டிஜென் மறைய நாற்பது, ஐம்பது வயதுகூட ஆகும். இ-ஆன்டிஜென் இருக்கிறது என்றால் வைரஸ் முழு வேகத்தில் பெருகுகிறது என்று பொருள். அதாவது பிள்ளை பெறும் வயதிலும் தாயின் ரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும், பிரசவத்தில் குழந்தைக்குப் போய்விடும். பிறந்தவுடன் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். வியட்நாம் நண்பருக்கு 44 வயது என்றால் அவர் கல்லீரல் அநேகமாக 44 வருஷமாக அந்த வைரஸோடு இருக்கிறது. அத்தனை காலமும் வைரஸின் துண்டுகள் கல்லீரல் அணுக்களின் மரபணுவுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஹெபடைட்டிஸ் சி-யில் பெரும்பாலும் சிர்ரோசிஸ் வந்த பிறகுதான் புற்று வருகிறது. பி-யில் சிர்ரோசிஸ் இல்லாத கல்லீரலிலும் வர முடிவதற்கு இந்த ஒட்டல் ஒரு முக்கியக் காரணம்.

இதை நிரூபிக்க அலாஸ்காவைவிட நல்ல இடம் கிடையாது. அங்குள்ள பூர்வகுடி மக்களிடம் ஏ, பி, சி, டி, எஃப் என்று ஐந்து ஜீனோடைப்பும் இருக்கின்றன. ஒரே நிலப்பகுதி, ஒரே மருத்துவ வசதி. ஏ, பி, டி, எஃப் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள் இ-ஆன்டிஜென் மறைந்துவிட்டது. 'சி' உள்ளவர்களுக்கு அந்த நடு வயது 47.8. புற்றுநோய் அதிகம் வந்ததும் சி, எஃப் உள்ளவர்களுக்குத்தான். 'எஃப்' என்றால் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. ஆகவே வித்தியாசத்தில் கணிசமான பங்கு வைரஸின் குலத்தில் இருக்கிறது, தோலின் நிறத்தில் இல்லை.

கானா நண்பரின் கதை வேறு. தென் ஆப்பிரிக்காவில் 'ஏ1' என்ற உட்பிரிவு உள்ளவர்களுக்கு, மற்ற ஜீனோடைப் உள்ளவர்களைவிடப் புற்று ஆபத்து 4.5 மடங்கு என்றும், சராசரியாக ஆறரை வருஷம் முன்னதாகவே வருகிறது என்றும் 2005ல் ஓர் ஆய்வு காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஓடுவது வேறு ஜீனோடைப்புகள், ஆனாலும் அங்கேயும் இளம் வயதுப் புற்று உண்டு. அதற்கு இன்னொரு கை சேர்கிறது. ஈரம் பட்ட சோளத்திலும் வேர்க்கடலையிலும் வளரும் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் நச்சு. இது பி53 என்ற காவல் மரபணுவில் குறிப்பாக 249ஆம் இடத்தில் ஓட்டை போடுகிறது, கட்டியை எடுத்துப் பார்த்தால் அந்தத் தடம் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஷாங்காயில் அளந்தார்கள்: அஃப்ளாடாக்சின் மட்டும் என்றால் ஆபத்து சுமார் 3 மடங்கு, வைரஸ் மட்டும் என்றால் 7 மடங்கு, இரண்டும் இருந்தால் ஏறக்குறைய 60 மடங்கு. 2017ல் வெளியான ஒரு பெரிய ஆப்பிரிக்கக் கணக்கெடுப்பில் எகிப்து தவிர்த்த நாடுகளில் கல்லீரல் புற்று நோயாளிகளின் நடு வயது சுமார் 45. பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் சி-யால் புற்று வருகிற எகிப்தில் 58. அந்த 20 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? இருபதுகளிலும் முப்பதுகளிலும் பிள்ளைகளை இழந்த ஊர்களிலிருந்து வந்தது.

இனி நம் ஊர். தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது 'டி', அடுத்தது 'ஏ'. 'சி' இருப்பது பெரும்பாலும் வங்காளம், வடகிழக்குப் பக்கம். நம் தாய்மார்களில் இ-ஆன்டிஜென் உள்ளவர்கள் கிழக்காசியாவைவிடக் குறைவு, அதனால் பிரசவத்தில் தொற்றுவதோடு சேர்த்து, முதல் ஐந்து வயதுக்குள் வீட்டுக்குள்ளும் தெருவிலும் தொற்றுவது நம்மிடம் கணிசம். மாற்றாத ஊசி, காது குத்து, மொட்டை போடும் கத்தி, சிராய்ப்போடு சிராய்ப்பு உரசுவது. அந்த வயதில் தொற்றினால் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் தங்கும். பெரியவரான பிறகு தொற்றினால் இருபதில் ஒருவருக்கும் குறைவு. நீங்கள் பிறந்த காலத்தில் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் ஹெபடைட்டிஸ் பி கிடையாது. 2002ல் சோதனையாகத் தொடங்கி, 2011 வாக்கில்தான் நாடு முழுக்க வந்தது. ஆகவே உங்களுக்கு இது எப்படி வந்தது என்று மனைவி முன்னால் கூனிக் குறுகத் தேவையில்லை. நம் ஊரில் உங்கள் வயதுக்காரர்களுக்கு அநேகமாக டவுசர் போட்ட காலத்தில் வந்தது.

'டி' உள்ளவர்களுக்கு இ-ஆன்டிஜென் சீக்கிரம் மறையும், அது நல்ல செய்திதான். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. மறைந்த பிறகும் சிலருக்கு, மரபணு மாறிய வைரஸ் இ-ஆன்டிஜென் இல்லாமலேயே பெருகிக்கொண்டிருக்கும். கல்லீரல் அணுக்கள் சேதமானால் ரத்தத்தில் கூடும் ஏ.எல்.டி என்ற நொதி ஏறும், இறங்கும், நல்ல நாளில் பரிசோதித்தால் நார்மல் என்று வரும். "இ நெகட்டிவ், கவலை வேண்டாம்" என்று ஊரில் யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதல் வருஷம் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏ.எல்.டி, கூடவே வைரஸ் டி.என்.ஏ பார்த்து, எல்லா முறையும் அடங்கியிருந்தால்தான் வைரஸ் அமைதியாக இருக்கிறது என்று சொல்லலாம். பொதுவாக டி.என்.ஏ ஒரு மில்லியில் 2,000 யூனிட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இதே 'டி' கிரீஸ், இத்தாலி, துருக்கிப் பக்கமும் பரவலாக உண்டு. அங்கெல்லாம் புற்று பெரும்பாலும் வயதான பிறகு, சிர்ரோசிஸ் மேல்தான் வருகிறது. வைரஸை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் வியட்நாம் நண்பரைவிட ஒரு கிரேக்கருக்குத்தான் பக்கம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கிரேக்கரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு: ஒல்லியாக இருந்தும் வயிற்றில் கொழுப்பு, நாற்பதுக்குள் சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு. ஹெபடைட்டிஸ் பி-யோடு சர்க்கரை நோய் சேர்ந்தால் புற்று ஆபத்து கூடும், மது சேர்ந்தால் இன்னும் கூடும். சென்னைக்காரர் விஷயத்தில் ஜீனோடைப்பைவிட இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியவை. வைரஸ் உடலில் இருப்பதைக் காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. அதோடு இ-ஆன்டிஜென், இ-ஆன்டிபாடி, வைரஸ் டி.என்.ஏ அளவு, ஏ.எல்.டி, பிளேட்லெட், ஆல்புமின், கல்லீரல் புற்றுக்கான ரத்தக் குறியீடான ஏ.எஃப்.பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி, மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ1சி. ஹெபடைட்டிஸ் டி ஆன்டிபாடி ஒருமுறையாவது. இந்த 'டி' ஜீனோடைப் இல்லை, பி வைரஸின் முதுகில் ஏறி வாழும் தனி வைரஸ். மங்கோலியாவில் கல்லீரல் புற்று உலகிலேயே அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊரில் அபூர்வம்தான், ஒருமுறை பார்த்து அடித்துவிட்டால் போதும். பிறகு கல்லீரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொடக்கத்தில் ஒரு அல்ட்ராசவுண்டும் கேளுங்கள். 40 ஆகும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதில்லை என்று ஜிபி சொன்னால் சரி, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படைப் படம் இருப்பது நல்லது.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது நம்மவர்கள் தடுமாறுவது அலகில்தான். சென்னை லேபில் எஸ்.ஜி.பி.டி என்று இருப்பதுதான் இங்கே ஏ.எல்.டி. ஊரில் பிளேட்லெட் 2.1 லட்சம் என்றால் இங்கே 210. ஆல்புமின் ஊரில் 4.2, இங்கே 42. பிலிருபின் ஊரில் 1 என்றால் இங்கே 17. வைரஸ் அளவை ஊரில் சில லேப்கள் காப்பியில் தருகின்றன, இங்கே யூனிட்டில். காப்பியை ஐந்தரையால் வகுத்தால் ஏறக்குறைய யூனிட் வரும். இது தெரியாமல், ஊரில் பத்து லட்சமாக இருந்தது இங்கே இரண்டு லட்சமாகிவிட்டது, குணமாகிறது என்று மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். ஏ.எல்.டி-க்கு லேப் அச்சடித்திருக்கும் மேல்வரம்பையும் நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்கிறது. பல லேப்கள் 40, 50 வரை நார்மல் என்று போடுகின்றன. அதே வழிகாட்டுதல் மாத்திரை தொடங்கும் வரம்பையும் தளர்த்தியிருக்கிறது. டி.என்.ஏ 2,000க்கு மேல் இருந்து ஏ.எல்.டி-யும் கூடியிருந்தாலோ, தழும்பு கணிசமாக இருந்தாலோ, குடும்பத்தில் கல்லீரல் புற்று இருந்தாலோ மாத்திரை பற்றிப் பேச வேண்டும்.

கல்லீரல் புற்று ஆபத்தைக் கணக்கிட பேஜ்-பி என்று ஒரு மதிப்பெண் உண்டு. வயது, பால், பிளேட்லெட் மூன்றும் போதும். ஐரோப்பிய நோயாளிகளிடம், அதுவும் மாத்திரை எடுப்பவர்களிடம், உருவாக்கியது என்பதை மறக்காமல் ஒரு குறிப்பாக மட்டும் பயன்படுத்துங்கள். 30 முதல் 39 வயதுக்கு 2, ஆணுக்கு 6, பிளேட்லெட் 2 லட்சத்துக்கு மேல் என்றால் 0. உங்களுக்கு 240 என்றால் மொத்தம் 8. ஒன்பது வரை குறைந்த ஆபத்து, 10 முதல் 17 நடுத்தரம், 18ம் அதற்கு மேலும் அதிகம். ஆனால் பிளேட்லெட் 180 என்றால் அதற்கு மட்டும் 6 சேரும், மொத்தம் 14 ஆகிவிடும். அப்போது 40 வரை காத்திருக்காமல் ஸ்கேன் பற்றிப் பேச வேண்டும். ஒரு எச்சரிக்கை: டெங்கு வந்த சில வாரங்களுக்குள் எடுத்த பிளேட்லெட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஊருக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய ஆளுக்கு இந்தக் கணக்கு தேவையில்லாத பீதியைக் கிளப்பும்.

ஸ்கேன் தொடங்கும் காலத்தில் ஆறு மாதம் என்பது ஆறு மாதமாகவே இருக்கட்டும். கட்டி இரு மடங்காகச் சராசரியாக சில மாதங்களே பிடிக்கும். ஒரு வருஷம் தவறவிட்டால் 1.5 சென்டிமீட்டராக இருந்திருக்க வேண்டியது 3, 4 என்று ஆகிவிடும். 2 சென்டிமீட்டர் என்றால் ஊசி வழியாகச் சுட்டோ வெட்டியோ எடுத்துவிடலாம். ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டிகள் ஒவ்வொன்றும் 3க்குள் என்றால் மாற்றுக் கல்லீரலுக்கு இன்னும் வழி உண்டு. அதைத் தாண்டினால் வழிகள் குறுகும். ஷாங்காயில் 18,816 பேரிடம் செய்த சோதனையில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி-யும் பார்த்தவர்களிடையே கல்லீரல் புற்று மரணம் 37 சதவீதம் குறைந்தது. வரச் சொன்னவர்களில் பலர் எல்லா முறையும் வராமலேயே கிடைத்த பலன் அது.

ஸ்கேனுக்கு ஆறு மணி நேரம் சாப்பிடாமல் போங்கள். வயிற்றில் காற்று இருந்தால் இடது மடல் மறையும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வார்கள். உதரவிதானத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் மேல்பகுதியை இறக்கிக் காட்டத்தான் அது. கூச்சப்படாமல் முழுசாக இழுத்துப் பிடியுங்கள். முடிந்ததும் ஒரே கேள்வி: "கல்லீரல் முழுக்கத் தெரிந்ததா?" கொழுப்பு அதிகமாக இருந்து பாதிதான் தெரிந்தது என்றால், "கட்டி இல்லை" என்ற ரிப்போர்ட்டுக்கும் பாதி மதிப்புதான். எம்.ஆர்.ஐ தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். வழிகாட்டு நெறியில் குடும்ப வரலாறு என்றால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள். பெரியப்பா அந்த வரிசையில் இல்லை. ஆனால் அவரும் உங்கள் அப்பாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி அப்பாவுக்கு இருக்கிறதா என்பதுதான். முதலில் பெரியப்பா வீட்டில் டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஃபைல் இருந்தால் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் ஊரில் "லிவர் கேன்சர்" என்று சொல்வதில் பல, வயிற்றிலோ குடலிலோ கணையத்திலோ தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியது. ஃபைலில் "செகண்டரிஸ்" அல்லது "மெட்டாஸ்டாசிஸ்" என்று இருந்தால் அது இந்த நோயே இல்லை. "ஹெபடோசெல்லுலர் கார்சினோமா" அல்லது "எச்.சி.சி" என்று இருந்தால்தான் நம் கதை. பழைய சீட்டுகளில் எச்.பி.எஸ்.ஏ.ஜி என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்று தேடிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். புளூம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களில் இதை முதலில் கண்டது ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில். ஊரில் மூத்த டாக்டர்கள் ரொம்ப நாள் அந்தப் பெயரைத்தான் எழுதினார்கள்.

அப்பா, அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் எல்லாரும் மூன்று பரிசோதனை எடுக்க வேண்டும்: எச்.பி.எஸ்.ஏ.ஜி, பாதுகாப்பு இருப்பதைக் காட்டும் சர்ஃபேஸ் ஆன்டிபாடி, எப்போதாவது தொற்றியதா என்று காட்டும் மொத்த கோர் ஆன்டிபாடி. மாஸ்டர் செக்கப் எடுத்தாயிற்று, லிவர் நார்மல் என்று அப்பா சொல்வார். பல பேக்கேஜ்களில் எச்.பி.எஸ்.ஏ.ஜி இருக்காது, எஸ்.ஜி.பி.டி மட்டும் பார்த்து நார்மல் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்து விடாதீர்கள். அப்பாவுக்குப் பாசிட்டிவ் என்றால் அவர் வயதுக்கு அன்றே ஸ்கேன். பெரம்பூரிலிருந்து ஸ்டான்லி பக்கம்தான், இல்லாவிட்டால் சென்ட்ரல் எதிரே ஜி.எச். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28ல் தொடங்கியது. அதன் சிகிச்சை மையங்களில் பரிசோதனைக்கும் டெனோஃபோவிர் மாத்திரைக்கும் காசு கிடையாது. நெகட்டிவ் என்று வந்து ஆன்டிபாடியும் இல்லாதவர்கள் 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் மனைவிக்கும் இதேதான், ஊசி முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி 10க்கு மேல் வந்ததா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை. ரேசர், பல் பிரஷ் தனி. தட்டு, டம்ளர், ஒரே குழம்பு, குழந்தையைக் கொஞ்சுவது எதிலும் தொற்றாது. தட்டைத் தனியாக எடுத்து வைத்துக் குடும்பமே உடைந்துபோன வீடுகள் ஊரில் உண்டு, அது வேண்டாத கொடுமை. மனைவிக்கும் பாசிட்டிவ் என்று தெரிந்து கர்ப்பமானால், டி.என்.ஏ 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் 28ஆம் வாரத்திலிருந்து டெனோஃபோவிர் கொடுப்பார்கள். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, 12 மணி நேரத்துக்குள் தயார்நிலை ஆன்டிபாடி ஊசியான இம்யூனோகுளோபுலின். தாய்ப்பால் கொடுக்கலாம். 1984ல் தைவான் பச்சைக்குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகு, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் கல்லீரல் புற்று லட்சத்துக்கு 0.70லிருந்து 0.36 ஆகப் பாதியாகக் குறைந்தது. புற்றுநோயை ஒரு தடுப்பூசி தடுக்கும் என்று உலகம் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

கீழாநெல்லியைப் பற்றி மரியாதையோடு சொல்கிறேன், ஏனென்றால் அது வெறும் பாட்டி வைத்தியமாக ஒதுக்கப்பட்ட விஷயம் இல்லை. 1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, அதே புளூம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லான்செட்டில் ஓர் ஆய்வு வெளியிட்டது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் ஆன்டிஜென் மறைந்தது, வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. உலகமே எழுந்து உட்கார்ந்தது. ஆனால் பிற இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று அதை நம்பி டி.என்.ஏ பார்க்காமல் இருப்பதும், மாத்திரையை நிறுத்துவதும்தான் ஆபத்து. வைரஸை அடக்கும் மாத்திரைகளான டெனோஃபோவிர், என்டகாவிர் எதையும் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் பாய்ந்தெழுந்து கல்லீரலையே செயலிழக்க வைக்கலாம். அம்மாவிடம், பொடி பார்சலை, வெளிநாட்டிலிருந்து வரும் செடிகொடிப் பொருட்களைச் சோதிக்கும் பயோசெக்யூரிட்டிக்காரர்கள் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். சாப்பாட்டில் ஒன்று கவனியுங்கள்: சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கிற வேர்க்கடலையைப் பார்த்தால் கொட்டிவிடுங்கள். வறுத்தாலும் அஃப்ளாடாக்சின் முழுசாகப் போகாது. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்று குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன, சர்க்கரை போடாமல் குடியுங்கள். மதுவை விட்டுவிடுங்கள், அதில் பேரம் இல்லை.

வேலை விஷயத்தில் ஊர் பயத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். வளைகுடா விசா மெடிக்கலில் இந்த ஒரு ரிசல்ட்டுக்கே அன்ஃபிட் என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே வேர்ஹவுஸ் முதலாளியிடம் நீங்கள் எதையும் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்குள் கை வைக்கிற அறுவை சிகிச்சை மாதிரி வேலைகளில் இருப்பவர்களுக்குத்தான் தனி விதி. ஆனால் விசா மருத்துவப் படிவத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மறைத்தது தெரிந்தால் நோயைவிடப் பெரிய தலைவலி. இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இல்லாத விசா என்றால் உங்கள் தனியார் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு வழக்கமாக 12 மாதக் காத்திருப்பு இருக்கும், பாலிசியில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். ஊரிலிருந்து மாத்திரை கொண்டுவர நேர்ந்தால் டாக்டர் சீட்டோடு, அசல் அட்டையில், ஒரு தடவைக்கு மூன்று மாத அளவு. இங்கே ஹெபடைட்டிஸ் பி மாத்திரை எழுதத் தனிப் பயிற்சி பெற்ற ஜிபிகள் இருக்கிறார்கள், ஸ்பெஷலிஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் அவர்களிடமே தொடரலாம். ஆங்கிலத்தில் இதையெல்லாம் பேசக் கஷ்டமாக இருந்தால் அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், 131 450 என்ற எண்ணில் போன் வழியாக ஏற்பாடு செய்வார்கள்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகும்போது ஒரு தாளில் இவ்வளவும் எழுதிக்கொண்டு போங்கள்: பெரியப்பா இறந்த வயது, ஃபைலில் இருந்த நோய்ப் பெயர், அப்பாவின் ரிசல்ட், உங்கள் பிளேட்லெட், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு. அப்பாவுக்குக் கல்லீரல் புற்று என்று வந்தாலோ, ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு அதிகம் என்று தெரிந்தாலோ 40 என்ற கோடு அன்றோடு ரத்து. இரண்டும் இல்லை என்றால் நீங்கள் 40 முடிக்கிற மாதத்தை இப்போதே ஜிபியின் கம்ப்யூட்டரில் ரீகாலாக, அதாவது உங்களைத் திரும்ப அழைக்கும் நினைவூட்டலாக, போடச் சொல்லுங்கள். வீடு மாறி, கிளினிக் மாறும்போது அந்தத் தேதி கூடவே வராது, உங்கள் போன் காலண்டரிலும் ஒன்று போட்டு வையுங்கள்.